யாருக்கு வகுப்பெடுக்கிறீர்கள்?

மயிலாப்பூரிலும் அடையாறிலும் கட்டுசெட்டாகக் குடித்தனம் நடத்துவது எப்படி என்று பத்திரிகைகள் வகுப்பெடுக்கின்றன. வரவெழுது, செலவெழுது, வெளிச்சாப்பாட்டைக் குறை, சுகமா வாழலாமாம். 20 கிலோ ரேஷன் அரிசியை வைத்து மாசத்தை ஓட்டுகிற நம்ம பொம்பளைங்களுக்கா சிக்கனம் தெரியாது?

இவர்கள் கணக்கில் எழுதாத செலவு ஒன்றுண்டு. அதன் பேர் சாதி. 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம், முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்தது. சாதி கேட்கிற வாய்க்கு வரம்பில்லை. கையில் பணத்தோடு வீடு தேடிப்போன என்னிடம், 'நீங்க என்ன ஆளுங்க?' என்றுதான் கேட்டார்கள். 'சைவம் மட்டும்' என்கிற பலகை யாரைப் பார்த்து எழுதியது என்று நமக்குத் தெரியாதா?

கூவக்கரையிலிருந்து நம்ம சனங்களைப் பிடுங்கி கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். அங்கிருந்து விடியுமுன்னே பஸ் பிடித்து வந்து பாத்திரம் தேய்க்கிறவளுக்குக் கொடுக்காத கூலிதான் அந்த வீடுகளின் மாதாந்திர மிச்சம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. பஸ்ஸில் போகிற அவள் பொழுதுக்கு யார் பொறுப்பு?

இதுக்குப் பேர் சிக்கனமில்லை, சுரண்டல். உங்கள் நோட்டின் வரவுப் பக்கத்தில் முதலில் அவள் பேரை எழுதுங்க. அப்புறம் வந்து பாடம் நடத்துங்க.