அரைக்கிணறு தாண்டச் சொல்லாதீர்கள்

தீபாவளி கழிந்த சனிக்கிழமை, டல்லாஸ் பக்கத்து ஃப்ரிஸ்கோவில் தெரிந்தவர் வீட்டில் விருந்து. கையில் தட்டோடு ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அக்கா, பையனைப் போர்ட்டல்ல போட்டுடலாம்னு இருக்கோம். ரெண்டு வருஷமா பெஞ்சுலயே உக்காந்திருக்கான்.”

“அவன் என்ன சொல்றான்?”

“அவனுக்கு என்னக்கா தெரியும், சின்னப் பையன். லேப் நல்லா இருக்கு, ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கன்னு எதையாவது சொல்லிட்டிருக்கான்.”

“இதுவரைக்கும் எத்தனை கிரெடிட் முடிச்சிருக்கான்?”

தம்பி தன் மனைவியைப் பார்த்தார். அவர் இவரைப் பார்த்தார். மகன் எந்த ஆட்டத்தில் எத்தனை நிமிடம் களத்தில் நின்றான், எந்தக் கோச் எந்தக் கல்லூரிக்கு மாறப்போகிறார், யாருக்கு எவ்வளவு டாலர் கிடைத்ததாம் என்பதெல்லாம் இருவருக்கும் தலைகீழ்ப் பாடம். டிகிரிக்காக முடித்த பாடங்களை அளக்கும் கிரெடிட் கணக்கு மட்டும் தெரியவில்லை.

இதை அந்தத் தம்பிக்காக மட்டும் எழுதவில்லை. கல்லூரியில் ஆடும் பிள்ளையைப் பெற்ற நம் எல்லோருக்கும் எழுதுகிறேன். எழுதுகிறவளும் இதே தப்பைச் செய்தவள்தான். அந்த உரிமையில் கொஞ்சம் திட்டவும் போகிறேன்.

அதிகம் பேசப்போவது ஃபுட்பாலைப் பற்றி. இங்கே ஃபுட்பால் என்றால் நம் ஊர்க் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம். அதில் நம் வீட்டுப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கல்லூரி மாறுவதற்கான போர்ட்டல் டென்னிசுக்கும் நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான். அதனால் ‘எங்க பொண்ணு டென்னிஸ்தானே ஆடுறா’ என்று யாரும் நழுவ வேண்டாம்.

மாற நினைக்கும் மாணவர்களின் பெயரைப் பதிந்துவைக்கும் அந்த இணையப் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்னால், கல்லூரி மாற நினைக்கும் மாணவன் தன் கல்லூரியின் தயவை நாடி நிற்க வேண்டும். மாறினாலும் பெரிய கல்லூரி ஃபுட்பால் அணிகளில் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2023 டிசம்பரில் ஒஹாயோ உள்ளிட்ட மாநிலங்கள் வழக்குப் போட, 2024 ஏப்ரலில் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இடையில் 2021 ஜூலையில் பிள்ளைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க வழி பிறந்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இவை எதையும் நான் குறை சொல்லமாட்டேன். கோச் நினைத்தால் ஒப்பந்தத்தின் நடுவிலேயே அதிகச் சம்பளத்துக்கு வேறு ஊர் போவார், பையன் மட்டும் கட்டிப்போட்ட கன்றாக நிற்க வேண்டும் என்பது அநியாயமாகத்தான் இருந்தது. கட்டு அவிழ்ந்தது நல்லது. அவிழ்ந்ததும் கன்றை அடித்து விரட்டுகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் மகன் ஆறு வயதிலிருந்து கால்பந்து ஆடியவன். உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால் கோச் அவன் காலைப் பார்த்துவிட்டு, கோலுக்குப் பந்தை உதைக்கும் கிக்கராக எடுத்துக்கொண்டார். 2021-இல் ஒரு கல்லூரியில் கணினி அறிவியலும் கிடைத்தது, அணியில் இடமும் கிடைத்தது. ஆனால் இரண்டாவது கிக்கர். இரண்டு வருடம் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றான். ஐந்து மணி நேரம் கார் ஓட்டிப் போய் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. எங்களுக்குத்தான் தாங்கவில்லை. வழியெல்லாம் நானும் என் கணவரும் கோச்சைத் திட்டிக்கொண்டே வருவோம். 2023 ஏப்ரலில் போர்ட்டல் திறந்தபோது நாங்கள்தான் அவனை உள்ளே தள்ளினோம்.

புதிய கல்லூரியின் கோச், “எல்லா கிரெடிட்டும் இங்கே வந்துவிடும்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 64 கிரெடிட்டும் வந்தன. ஆனால் அவற்றில் கணினி அறிவியல் டிகிரிக்குக் கணக்கில் சேர்ந்தவை 41. மீதி 23 ‘விருப்பப் பாடம்’ என்ற பெயரில் காகிதத்தில் கிடந்தன. வந்து சேர்வது வேறு, டிகிரிக்குக் கணக்காவது வேறு. இந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரிந்தபோது ஆகஸ்ட் மாதம், கோடை வகுப்புகள் முடிந்துவிட்டன.

இங்கேதான் விதி கழுத்தைப் பிடித்தது. முதல்நிலைக் கல்லூரி அணிகளில் ஆடுகிறவர்கள் மூன்றாம் வருடம் தொடங்கும்போது தங்கள் டிகிரியில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நான்காம் வருடம் தொடங்கும்போது 60, ஐந்தாம் வருடம் தொடங்கும்போது 80. 120 கிரெடிட் டிகிரியில் 40 சதவீதம் என்றால் 48. எங்களிடம் இருந்தது 41. பிள்ளை படிப்பை விட்டுவிடக் கூடாது என்று போட்ட விதி இது. கல்லூரி மாறுகிறவனுக்கு அதுவே வேறு வேலை செய்கிறது. தகுதி குறைந்தால் எளிய வழி, மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, மாற்றிவிடுவது. எந்தப் பாடத்தையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் பொதுக் கல்வி டிகிரி ஒன்று பல கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கு மாறினால் கிடப்பில் கிடக்கும் கிரெடிட்டுகள் எல்லாம் உயிர் பெற்றுவிடும்.

மகன் போன் செய்தான். “அம்மா, மேஜர் மாத்துறதுக்கு ஃபார்ம் குடுத்திருக்காங்க. கையெழுத்து போட்டா செப்டம்பர்ல ஆடலாம். போடலைன்னா முடியாது. என்ன பண்ணட்டும்?”

“போடு” என்றேன்.

அந்த ஒரு சொல்லை இப்போதும் விழுங்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் 98 வாங்கி வந்தால் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கும் பரம்பரை நாம். அவன் பள்ளியில் படித்தபோது நானும் அப்படித்தான் கேட்டேன். 23 கிரெடிட் போனபோது கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு சீசனில் அவன் கோலுக்கு உதைத்தது மூன்றே முறை, இரண்டு உள்ளே போனது. இன்று பகலில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. இரவில் விட்ட கணினிப் பாடங்களை இணையவழியில் தன் காசில் படித்துக்கொண்டிருக்கிறான். எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அப்படியானால் யாருமே மாறக் கூடாதா என்பீர்கள். 2018 ஜனவரி 8 இரவுக்குப் போவோம். கல்லூரிகளின் தேசிய இறுதி ஆட்டம். ஜார்ஜியாவிடம் அலபாமா பாதி நேரத்தில் 13-0 என்று பின்தங்கி நின்றது. இரண்டு வருடமாக அணியை நடத்திய குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை கோச் உட்கார வைத்துவிட்டு, முதலாண்டு மாணவன் டுவா டகோவைலோவாவை இறக்கினார். வந்த பையன் ஜெயித்துக் கொடுத்தான். நாடே பார்க்க ஒருவன் ஓரங்கட்டப்பட்டான். அது நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் மறுநாள் காலையிலேயே பெட்டி கட்டியிருப்போம்.

ஹர்ட்ஸ் போகவில்லை. அடுத்த சீசன் முழுக்க இரண்டாவது ஆளாக இருந்தார். அந்த டிசம்பரில் அதே ஜார்ஜியாவுக்கு எதிரே டகோவைலோவா காயத்தோடு வெளியேற, இவர் இறங்கி ஆட்டத்தை மீட்டார். அதே மாதம் தகவல் தொடர்பியலில் டிகிரி வாங்கினார், மூன்று வருடத்துக்குள். அதற்குப் பிறகுதான் ஒக்லஹோமாவுக்கு மாறினார். அங்கே தொடங்கிய முதுகலைப் படிப்பை, தொழில்முறை ஆட்டக்காரராக இருந்துகொண்டே 2023-இல் முடித்தார். 2025 பிப்ரவரியில் சூப்பர் போல் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர்தான். ஜோ பரோவும் அப்படித்தான். ஒஹாயோ ஸ்டேட்டில் ஆட வாய்ப்பில்லாமல் இருந்தவர் மூன்று வருடத்தில் டிகிரியை முடித்துக்கொண்டு 2018-இல் எல்எஸ்யூ போனார். 2019-இல் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை வாங்கினார்.

இவர்களும் மாறியவர்கள்தாம். முடித்துவிட்டு மாறியவர்கள். அவர்களுடைய கைவலு நம் பிள்ளைக்கு வராது. அவர்கள் செய்த வரிசை வரும்: முதலில் டிகிரி, பிறகு பயணம்.

‘என்எஃப்எல் போனா டிகிரி எதுக்கு’ என்று ஒருவர் என்னிடமே கேட்டார். ஒரு வருடத்தில் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களிலிருந்து டிராஃப்டில் எடுப்பது இருநூற்று ஐம்பது சொச்சம் பேரை. கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அந்தப் படியை எட்டுவதில்லை என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பே சொல்லும் கணக்கு. ஆண்ட்ரூ லக் 2011-இல் முதல் ஆளாகத் தேர்வாவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பிப் போய்க் கட்டடக்கலைப் படிப்பை முடித்தார். 2012-இல் அதே முதல் இடம் அவருக்குக் காத்திருந்தது. கோடிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் முடித்தான். நம் பிள்ளை முடிக்காமல் எங்கே ஓடுகிறான்?

இன்னொன்று. போர்ட்டலில் பெயர் கொடுத்தாலே வேறு இடம் உறுதி என்று நினைக்காதீர்கள். பெயர் கொடுத்த நாளிலிருந்து பழைய கல்லூரிக்கு உங்கள் பிள்ளைமேல் கடமை குறைந்துவிடுகிறது. அந்தப் பருவ முடிவில் உதவித்தொகையை நிறுத்தலாம், இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர ஒப்புக்கொண்ட கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்று வரம்பும் வந்துவிட்டது. யாரும் கூப்பிடாவிட்டால் உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா கதைதான். போதாக்குறைக்கு, ஃபுட்பாலில் போர்ட்டலில் பெயர் கொடுக்க வருடத்துக்கு முன்பிருந்த இரண்டு வாய்ப்புகளை ஒன்றாக்கிவிட்டார்கள்: 2026-இல் ஜனவரி 2 முதல் 16 வரை, பதினைந்தே நாள். கோச்கள் அந்தப் பதினைந்து நாளும் தூங்கமாட்டார்கள். கிரெடிட்டை மதிப்பிடும் அலுவலகம் அந்த வேகத்தில் ஓடாது.

விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எச்-4, எஃப்-1 விசாவில் உள்ள பிள்ளை நினைத்தபடி சம்பாதிக்க முடியாது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைக்கும் விளம்பரப் பணத்தை நம்பிக் கணக்குப் போட்டு, குடியேற்றச் சிக்கலில் போய் மாட்டாதீர்கள்.

மகனின் பணத்தில்தான் வாடகை கட்ட வேண்டும், அம்மாவின் மருந்துச் செலவு நடக்க வேண்டும் என்ற வீடுகள் உண்டு. அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கொடுமை செய்யும் கோச், உடம்பை வதைக்கும் பயிற்சி, விரும்பிய படிப்பே இல்லாத கல்லூரி என்றால் நானே வந்து பெட்டி கட்டித் தருகிறேன். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அந்த நிலைமை? இரண்டு கார், சொந்த வீடு, இரண்டு சம்பளம். பிள்ளை பெஞ்சில் இருப்பதால் குறைவது வார இறுதி விருந்தில் நம் பெருமை ஒன்றுதான். அதைக் காப்பாற்ற அவனை அரைக்கிணறு தாண்டச் சொல்கிறோம்.

மாறித்தான் ஆக வேண்டுமென்றால் வேலையை முன்னாலேயே தொடங்குங்கள். நவம்பரிலேயே அவன் இப்போதைய கல்லூரியில் டிகிரி ஆடிட் எடுக்கச் சொல்லுங்கள். எதை முடித்தான், எது பாக்கி என்று ஒரே தாளில் வந்துவிடும். எந்தப் பாடத்துக்கு எது சமம் என்ற அட்டவணையைப் பல கல்லூரிகள் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. பிறகு புதிய இடம் பேச்சுக்கு வரும்போது, கோச்சிடம் கேட்காதீர்கள். படிக்கப்போகும் துறையின் அட்வைசரிடம் கேளுங்கள்: எத்தனை கிரெடிட் வரும் என்பதை விடுங்கள், இந்த மேஜருக்கு எத்தனை கணக்காகும்? கடைசி வருடங்களில் எத்தனை கிரெடிட்டை உங்களிடமே படித்தாக வேண்டும்? பதில் எழுத்தில் வர வேண்டும். வராத வரை பிள்ளை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். லேப் நல்லா இருக்கு என்று அவன் சொன்னது சாக்கு இல்லை, தம்பி. அது பதில்.

இந்த வாரம் அவன் போன் செய்யும்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிகிரிக்கு இன்னும் எத்தனை கிரெடிட் மிச்சம் என்று கேளுங்கள். அவன் சொல்லும் எண்ணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அது பூஜ்யம் ஆகும்வரை, பிள்ளையாகக் கேட்காமல், நம் வாயிலிருந்து போர்ட்டல் என்ற சொல் வர வேண்டாம்.