"சமாளிச்சுக்குவாங்க"ன்னு சொல்றவங்களுக்கு

இந்தத் தடவை நெல்லும் இல்ல, தர்பூசும் இல்ல. ரொம்ப நாளா மனசுல முள்ளு மாதிரி நிக்கிற ஒரு விஷயம்.

போன ஞாயித்துக்கிழமை திரௌபதி அம்மன் கோயில் வேப்பமரத்தடியில ஊர்க்கூட்டம். சித்திரையில பாரதம் வைக்கணும், எத்தனை ராத்திரி கூத்து, எந்த ஜமாவுக்கு வெத்தலைபாக்கு வைக்கிறது என்று பேச்சு. ஒரகடத்துல வேலை பார்க்கிற ஒரு தம்பி எழுந்து, "10 நாள் கூத்து எதுக்கு பெரியப்பா? 2 நாள் கூத்து, ஒரு நாள் ஆர்கெஸ்ட்ரா. போதாதா?" என்றான். அப்போ ஜமாக்காரங்க பொழப்பு என்னடான்னு கேட்டேன். "கொரோனாவுல 2 வருஷம் ஆடாமலே சமாளிச்சாங்க இல்ல? இப்பவும் சமாளிச்சுக்குவாங்க" என்றான்.

நாலஞ்சு பேர் தலையாட்டினாங்க. எனக்கு கோபம் வந்தது அந்தப் பையன் மேல இல்ல. தலையாட்டினவங்க மேல. அதுல ஒருத்தன் நானா இருந்திருப்பேன், நாலு வருஷம் முன்னாடி.

கூத்தாடி எப்படி சமாளிச்சான்னு தெரியாதவங்களுக்காக எழுதறேன். முதல்ல கூத்துக்காரன் வருஷம் எப்படின்னு பார்ப்போம்.

எங்க செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் ஜமாவுக்கு வேலை மாசியில ஆரம்பிச்சு ஆடி ஆவணி வரைக்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூணு மாசம்தான் போகம். பகல்ல பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி 10 மணிக்கு மேளம் கட்டினா விடியற வரைக்கும் கூத்து. வில்வளைப்பு, துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், கடைசியில பதினெட்டாம் போர், படுகளம், சாயந்திரம் தீமிதி. மழைக்காலத்துல கூத்து கிடையாது. அந்த ஆறு மாசமும் இந்தப் போகத்துல சம்பாதிச்சதுலதான் ஓடணும். நமக்கு நவரை போச்சுன்னா சொர்ணவாரி இருக்கு. அவங்களுக்கு ஒரே போகம்தான்.

2020 பொங்கல் முடிஞ்சதும் எங்க ஊர்ல தேதி பேசினோம். 10 ராத்திரி, ராத்திரிக்கு 18,000. ஜமாவுல 14 பேர். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை எல்லாரும் சேர்த்து. வண்டிச் செலவு, அரிதாரச் செலவு போக ஒரு ஆளுக்கு ராத்திரிக்கு 1000 நின்னா பெரிசு. வாத்தியார் கையில 10,000 அச்சாரம் கொடுத்தோம். கணக்கு நோட்டு என்கிட்ட.

மார்ச் 24 சாயந்திரம் 144 போட்டாங்க. மறுநாள்லேருந்து நாடு பூரா ஊரடங்கு. என் முக்கா ஏக்கர் தர்பூஸ் வெட்டுக்கு நின்னது. வியாபாரி வரல, லாரி வரல. ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரமா கொஞ்சம் வித்தேன், மீதியை மாடு தின்னது. நஷ்டம்தான். ஆனா ஒண்ணு சொல்லணும். அரிசி கார்டுக்கு 1000 ரூபாய் வந்தது. பி.எம். கிசான்ல 2000 வந்தது. கொஞ்ச நாள்ல விவசாய வேலைக்குத் தடையில்லைன்னு சொல்லிட்டாங்க. அரை வயிறோ கால் வயிறோ, விவசாயின்னு ஒரு ஆளு இருக்கான்னு கவர்மென்ட்டுக்குத் தெரிஞ்சிருந்தது.

வாத்தியாருக்கும் ரேஷன் 1000 வந்தது. அது எல்லாருக்கும் வந்தது. கூத்துக்காரன் என்கிற கணக்குல? நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் 2007லேருந்து இருக்கு. அதுல பதிஞ்சு அட்டை வச்சிருந்தவங்களுக்கு நிவாரணம் 1000 ரூபாய் வந்தது. எங்க வாத்தியார் ஜமாவுல 14 பேர்ல அட்டை இருந்தது 3 பேர்கிட்ட. மத்தவங்களுக்கு அப்படி ஒரு அட்டை உண்டுன்னே தெரியாது. கையெழுத்து, போட்டோ, சான்றுன்னு அலையறதுக்கு ராத்திரி பூரா ஆடினவனுக்குப் பகல் எங்க இருக்கு?

இப்போ நான் சொல்லப் போறது எனக்கே வெக்கம். அந்த வருஷம் ஆடி மாசம், திருவிழா நடக்கலன்னு ஆனதும், கமிட்டியில "அச்சாரத்தைத் திருப்பி வாங்கிடலாம்"னு பேச்சு வந்தது. யாரும் மறுக்கல. நானும் மறுக்கல. டி.வி.எஸ். 50 எடுத்துக்கிட்டு நானும் இன்னொருத்தரும் போனோம். வாத்தியார் திண்ணையில உட்கார வச்சு தண்ணி கொடுத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. உள்ள போய் வந்து 6000 வச்சாரு. "மீதி அடுத்த மாசம் தரேன், ஊர்க் காசு எனக்கு வேணாம்"னாரு. அந்த வீட்டுக்காரம்மா காதுல வேப்பங்குச்சி இருந்ததை வெளிய வந்தப்புறம்தான் யோசிச்சேன்.

அந்த 6000ல கோயிலுக்கு சீரியல் லைட்டு வாங்கினோம். ரெண்டு வருஷத்துல பீஸ் போயிடுச்சு.

சமாளிச்சது இப்படித்தான் தம்பி. காதுல கிடந்ததை வித்து சமாளிச்சாங்க.

"நோய் வந்தா மூடத்தானே வேணும்? கும்பல் கூட்டி சாகச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. நியாயம். மூடினது தப்புன்னு நான் சொல்லல. ஆனா எதை எப்போ திறந்தாங்கன்னு பாருங்க. 2020 மே 7, டாஸ்மாக் திறந்தாங்க. கோர்ட் மூடச் சொன்னது, சுப்ரீம் கோர்ட் போய் தடை வாங்கி மே 16 மறுபடி திறந்தாங்க. மூடு டாஸ்மாக்கைன்னு பாடினதுக்கு 2015 அக்டோபர்ல கோவன் மேல தேசத்துரோக வழக்கு போட்டு கைது பண்ணின அதே தமிழ்நாடு. செப்டம்பர் 1 கோயில் எல்லாம் திறந்தாச்சு. நவம்பர் 10 சினிமா தியேட்டர். 2021 ஜனவரி முதல் வாரம் தியேட்டர்ல 100 சதவீதம் உட்காரலாம்னு ஆர்டர் போட்டு, டெல்லி அதட்டினப்புறம் வாபஸ். அப்புறம் எலெக்‌ஷன். தெருத்தெருவா கும்பல், மேளம், பிரசாரம். அந்த நேரம் வாத்தியார் போன் பண்ணி, "இந்த வருஷம் கண்டிப்பா ஆடலாங்க, பசங்களைக் கூட்டி ஒத்திகை பாக்கறேன்"னாரு. ஏப்ரல் 6 ஓட்டு போட்டோம். ஏப்ரல் 10லேருந்து திருவிழாவுக்குத் தடை. சித்திரை பொறக்க நாலு நாள் இருந்தது.

எலெக்‌ஷனுக்கு மேளம் அடிக்கிறப்போ தூங்கின கொரோனா, கூத்துக்கு மேளம் கட்டினா முழிச்சுக்குமா? ரெண்டாவது அலை உண்மை, செத்தவங்க உண்மை. எங்க வீட்டுலயே நடந்தது, சொல்றேன். ஆனா ரெண்டு போகமும் முழுசா போனவனுக்கு, "உன் நஷ்டம் இவ்வளவு, இதுல எங்க பங்கு இது"ன்னு யாராவது ஒரு கணக்கு போட்டாங்களா? பயிர் போனா வி.ஏ.ஓ. வந்து பாக்கறாரு. ராத்திரி போனா யார் வந்து பாக்கறது?

பட்டணத்துல வேற மாதிரி. 2020 டிசம்பர் சீசன்ல மியூசிக் அகாடமி கச்சேரியை இணையத்துல வச்சாங்க. நல்லதுதான், யாரையும் குறை சொல்லல. டி.எம். கிருஷ்ணா மாதிரி சில பேர் கூத்துக்காரங்க உட்பட நலிஞ்ச கலைஞர்களுக்கு நிதி திரட்டினாங்க, அதுவும் பெரிய மனசு. ஆனா ஒரு பேச்சு கிளம்பிச்சு பாருங்க, "கலைஞர்கள் புது வழிக்கு மாறணும், ஆன்லைன்ல வரணும்"னு. வாத்தியார் மகன் அதையும் செஞ்சு பார்த்தான். அபிமன்னன் சண்டையை வீட்டு வாசல்ல ஆடி செல்லுல எடுத்துப் போட்டான். 8 மணி நேரக் கூத்து 6 நிமிஷம். பார்த்தவங்க 200 சொச்சம். காசு ஒண்ணும் வரல.

கூத்து செல்லுல வராது. கூத்துன்னா சுத்தி உட்கார்ந்திருக்கிற ஊரும் சேர்த்துதான். தபசு மரத்துல அர்ச்சுனன் ஏறி மேலேருந்து எலுமிச்சம்பழம் போடறப்போ, கீழ பிள்ளை இல்லாத பொம்பளைங்க முந்தானை ஏந்தி நிப்பாங்க. அந்த முந்தானையை எந்த இணையத்துல ஏந்தறது?

இன்னொண்ணு. நம்ம மாவட்டத்துலயே மாமல்லபுரத்துல அர்ச்சுனன் தபசு கல்லுல இருக்கு. 2019 அக்டோபர் 11 பிரதமரும் சீன அதிபரும் வந்து அதைப் பார்த்தாங்க, கடற்கரைக் கோயில் முன்னாடி கலாக்ஷேத்ராக்காரங்க ஆடினதையும் பார்த்தாங்க. உலகமே பார்த்தது. அஞ்சு மாசம் கழிச்சு, அங்கேருந்து ஒன்றரை மணி நேர தூரத்துல, ரத்தமும் சதையுமா மரம் ஏறுற அர்ச்சுனன் மறைமலைநகர்ல ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டி வேலை தேடிக்கிட்டு இருந்தான். கல் அர்ச்சுனனுக்கு வேலி போட்டுப் பாதுகாக்கறோம். சதை அர்ச்சுனனுக்கு வேற வேலை பாருன்னு சொல்றோம்.

2021 வைகாசியில எங்க அப்பா போயிட்டாரு. சாவுக்கு 20 பேருக்கு மேல கூடாதுன்னு இருந்த நேரம். எங்க பக்கம் வயசானவங்க போனா கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் வைப்போம். விடியறப்போ கர்ணன் சாகணும், அப்போதான் போனவங்களுக்கு வழி கிடைக்கும்னு நம்பிக்கை. அப்பா அந்தக் கூத்தை நூறு தடவை பார்த்திருப்பாரு. தடைன்னு தெரிஞ்சும், மனசு கேக்காம வாத்தியாருக்குப் போன் பண்ணினேன். வாசல்ல உட்கார்ந்து நாலு பாட்டாவது பாடுங்கன்னு. "நைட் ஷிப்டு சாமி, விட மாட்டாங்க"ன்னாரு. அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "கட்டை எல்லாம் கரையான் அரிச்சிடுச்சு. எடுத்துக் காய வைக்க ஆள் இல்ல"ன்னாரு. கல்யாண முருங்கை மரத்துல செதுக்கின கிரீடமும் புஜக்கட்டையும், அவங்க அப்பா காலத்தது. என் அப்பா கர்ண மோட்சம் இல்லாமலே போனாரு. 10,000 அச்சாரத்துல 6000ஐ வாங்கிட்டு வந்தவன் நான். கேக்கறதுக்கு எனக்கு என்ன வாய் இருக்கு?

இதெல்லாம் நோய் செஞ்சது. நோய் இல்லாத வருஷத்துலயும் கூத்து நிக்குது, அதுக்கு என்ன சொல்றது?

விழுப்புரம் மேல்பாதி விஷயம் தெரிஞ்சிருக்கும். திரௌபதி அம்மன் கோயிலுக்குள்ள தலித் மக்கள் வரக்கூடாதுன்னு தகராறு. 2023 ஜூன்ல கோயிலுக்கு சீல் வச்சாங்க. கோர்ட் உத்தரவுல 2024 மார்ச்லதான் பூஜைக்காகக் கதவைத் திறந்தாங்க. பேப்பர்ல வந்தது ஒரு ஊரு. பேப்பர்ல வராத ஊர் எத்தனையோ. காலனி பக்கம் சாமி வரணும், வரக்கூடாதுன்னு வாய்ச்சண்டை, அப்புறம் கைச்சண்டை, தாசில்தார் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம், கடைசியில "இந்த வருஷம் திருவிழாவே வேணாம், சட்டம் ஒழுங்கு"ன்னு முடிவு. சண்டை போட்ட ரெண்டு பக்கமும் வீட்டுக்குப் போய் சோறு தின்னும். சண்டையில சம்பந்தமே இல்லாத ஜமா பட்டினி.

அதுலயும் ஒரு அசிங்கம் பாருங்க. துகில் அன்னிக்கு ராத்திரி, ஒரு பொம்பளையை சபையில இழுத்து வந்து அவமானம் பண்ணும்போது பீஷ்மர் வாய் மூடி உட்கார்ந்திருக்காரேன்னு நம்ம எல்லாருக்கும் கண்ணு கலங்குது. கட்டியக்காரன் ஊர்ப் பெரிய மனுசனைக் கிண்டல் பண்ணினா சிரிக்கிறோம். விடிஞ்சதும் அதே அம்மன் வாசல்ல ஒருத்தனை நிறுத்தி, நீ உள்ள வராதேன்னு சொல்றாங்க, நாம பீஷ்மர் மாதிரி உட்கார்ந்திருக்கோம். அப்போ விடிய விடிய எதைத்தான் பார்த்தோம்?

எங்க அச்சரப்பாக்கத்துக்குப் பேர் வந்த கதை தெரியும். முப்புரம் எரிக்கக் கிளம்பின சிவன் தேரே இங்க வந்து அச்சு முறிஞ்சு நின்னதாம். சாமி தேர் ஆனாலும் அச்சு முறிஞ்சா இறங்கி சரி பண்ணித்தான் ஆகணும். முறிஞ்ச அச்சைப் பார்த்து "சமாளிச்சு ஓடு"ன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கூத்துக்காரனை மட்டும் சொல்றோம்.

கூட்டத்துல நான் மூணு விஷயம் கேட்டேன்.

ஒண்ணு, கொடுத்த அச்சாரம் எந்தக் காரணத்துக்கும் திரும்ப வாங்கக் கூடாது. நோயோ, மழையோ, சாவோ, தடையோ, ஊர்ப் பக்கமிருந்து திருவிழா நின்னா பேசின கூலியில பாதி ஜமாவுக்குக் கொடுக்கணும். நாத்து நடறதுக்கு ஆளைக் கூப்பிட்டு வயல்ல வந்து நின்னப்புறம் மழை பெய்ஞ்சா, அரைக் கூலி கொடுத்து அனுப்பறோம் இல்ல? அந்த நியாயம்தான்.

ரெண்டு, ஊர்ச் சண்டையால நின்னா, நிறுத்தினவங்க அந்தப் பாதியைக் கட்டணும். கைக்காசு போகும்னு தெரிஞ்சா பாதி சண்டை தானா அடங்கும்.

மூணு, வாரிய அட்டைக்கு இந்த ஊர்ல ஆடுற ஜமாவுல எல்லாருக்கும் நம்ம படிச்ச பிள்ளைங்க உட்கார்ந்து எழுதிக் கொடுக்கணும். கவர்மென்ட்டும் அவங்க போகத்தைப் பயிர் மாதிரி எண்ணி, மூடச் சொல்ற அன்னிக்கே நஷ்டத்துக்கும் ஆர்டர் போடணும். இதைக் கலெக்டர் மனு நாள்ல எழுதிக் கொடுக்கப் போறேன்.

ரொம்ப நேரம் பேச்சு. "கோயில் காசு, யோசிச்சு செய்யணும்"னாங்க. முதல் விஷயத்தை நோட்டுல எழுதியாச்சு, 11 பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. அந்த ஒரகடம் தம்பி கையெழுத்து போடல. ஆனா மூணாவது விஷயத்துக்கு, "அட்டை அப்ளிகேஷன் நான் போட்டுத் தரேன் பெரியப்பா"ன்னான். அதுவே பெரிசு. ரெண்டாவது விஷயத்துக்கு ஒருத்தரும் வாய் திறக்கல. அதை அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்.

கூத்து 7 ராத்திரின்னு முடிவாச்சு. 10 இல்ல, 2ம் இல்ல. நேத்து வெத்தலைபாக்கு வைக்க வாத்தியார் வீட்டுக்குப் போனோம். அச்சாரத்தோட என் கைக்காசு 6000 தனியா வச்சேன். இது எதுக்குன்னாரு. பழைய பாக்கின்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு எடுத்துக்கிட்டாரு. "புதுக் கிரீடம் செதுக்கணும், கல்யாண முருங்கை எங்கயாவது இருக்கா?"ன்னு கேட்டாரு. எங்க கிணத்து மேட்டுல ஒண்ணு நிக்குது. அடுத்த வாரம் வெட்டறோம்.

உங்க ஊர்லயும் இந்த மாசம் கூட்டம் போடுவாங்க. அச்சாரத்தைத் திருப்பிக் கேட்ட ஊரா உங்க ஊருன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.