உத்தியோக மோகம்

2022-ம் வருஷம் ஜூலை 24-ந் தேதி தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நான்காம் தொகுதித் தேர்வை நடத்திற்று. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய 7,301 இடங்களுக்கு விண்ணப்பித்தவர் சுமார் 22 லட்சம் பேர். பின்னர் இடங்கள் 10,000-க்கு மேல் உயர்த்தப்பட்டன. அப்படியும் இருநூறு பேருக்கு ஓர் இடங்கூட இல்லை. பத்தாம் வகுப்புத் தேறியவரும் எழுதக்கூடிய இத்தேர்வுக்குப் பட்டதாரிகளும் இஞ்சினீயர்களும் திரளாக வந்தனர். தேறாதவர்களில் பலர் மறு தேர்வுக்கும் அதற்கடுத்த தேர்வுக்கும் அதே புஸ்தகங்களைச் சுமந்து, வாலிபத்தின் சிறந்த ஆண்டுகளைச் செலவிடுகின்றனர். தமக்கு வேறு நோக்கமொன்று இருத்தல் கூடும் என்னும் நினைவே அவர்களுக்கு அற்றுப் போகிறது.

இம்மோகம் நம்முடன் பிறந்ததன்று; நமக்குப் பழக்கப்பட்டது. 1844-ல் கவர்னர் ஜெனரல் ஸர் ஹென்றி ஹார்டிஞ்ச், சர்க்கார் உத்தியோகங்களில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்க்கு முன்னுரிமை என்று தீர்மானித்தார். அது முதல் கல்விக்குப் பயன் உத்தியோகமே என்ற எண்ணம் வேரூன்றிற்று. 1947-ல் ஆட்சி மாறிற்று. மனிதனை மதிக்கும் அளவுகோல் மாறவில்லை. மாப்பிள்ளை தேடும் தந்தை இன்றும் முதலில் வினவுவது சர்க்கார் சம்பளமா என்பதைத்தானே?

உத்தியோகத்தை நாம் இழிவுபடுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒதுக்கி வைக்கப்பட்டோருக்கு அது சோறு மட்டுமல்ல, மானமும் அளித்தது. கையில் முதலற்ற ஏழை நிலையான வருமானத்தை நாடுவது குற்றமாகாது. ஒருமுறை முயல்க, இருமுறையும் முயல்க. ஆனால் அது ஒன்றே வாழ்வு, மற்றவை யாவும் தாழ்வு என்று கருதும் மனமே நாம் கண்டிப்பது.

மனத்தை மாற்றுவது எங்ஙனம்? இன்று முதல் மாறுவேன் என்று சபதம் செய்வதால் எவனும் மாறியதில்லை. செயல் மாறினால் மனம் அதன் பின்னே வரும். வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரம் இதற்குச் சான்று. தந்தையும் வக்கீல், தாமும் வக்கீல். நீதிமன்ற வாழ்வே அவருக்குப் பழகிய வழி. 1906-ல் தம் முப்பத்து நான்காம் வயதில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் நிறுவினார். வாடகைக் கப்பலில் தொடங்கினார், ரூ.25 பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். 1907-ல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. மறு வருஷமே சிறை வாய்த்தது. 1911-ல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் சன்னதும் இல்லை. அவர் சோர்ந்து அமரவில்லை. வியாபாரம் செய்தார், நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். எண்ணமே வாழ்வை ஆக்குகிறது என்னும் ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கியவரும் அவரே. கப்பல் போயிற்று, ஒரு வழி அடைபட்டால் மறு வழி காணும் ஆண்மை போகவில்லை.

ஆகவே இளைஞருக்கு நாம் கூறுவது இது. எத்தனை முறை தேர்வு எழுதுவது என்பதை முன்னரே வரையறுத்துப் பெற்றோரிடம் தெரிவித்துவிடுங்கள். அந்தக் காலத்திலேயே நாளில் இரண்டு மணி நேரமாவது ஒரு தொழிலில் கை பழகுங்கள். மின்சார வேலையாயினும், தச்சாயினும், விவசாயமாயினும், கணக்கெழுதுதலாயினும் சரியே. அதில் ஈட்டும் முதல் நூறு ரூபாய் ஆயிரம் உபதேசங்கள் செய்யாததைச் செய்யும். பெற்றோரே, தேறாத மகனைப் பிறர் மகனோடு ஒப்பிட்டுப் பேசும் வழக்கத்தை விடுங்கள். தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்தும் தொண்டர்களே, அதே கூடத்தில் வாரம் ஒரு நாள் தொழில் கற்பிக்கவும் இடம் தாருங்கள். இருநூறு பேரில் ஒருவனுக்கு உதவிவிட்டு மற்றவர்களைக் கைவிடுவது தொண்டாகாது.

பிறர் இட்ட தளையை அறுக்க ஒரு தேசமே திரண்டது. பழக்கம் இட்ட தளையை அவனவனே அறுத்தல் வேண்டும். அதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை.