நிர்வாகியைக் கேட்டுத்தான் ஆணி அடிக்க வேண்டுமா?

கணினித்துறையில் பெரிய பதவி வகிக்கும் நண்பரொருவர் சென்ற வாரம் தொலைபேசியில் எனக்குப் பாடம் எடுத்தார். நிர்வாகி உரிமை இல்லாதவன் மென்பொருள் நிறுவ ஆசைப்படக் கூடாது, அது கள்ள வழி என்பது அவர் கட்சி. முப்பது ஆண்டுகள் செய்தித்தாளில் குப்பை கொட்டியவனுக்குப் பல வசவுகள் பழக்கம். கள்ளன் என்பது புதிது. ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்கிறேன்.

நடந்தது இதுதான். பெல்மதுளையில் என் வீட்டு முன்னறையில் பழைய கணினியொன்று வழங்கியாக ஓடுகிறது. அதில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்த அக்காள் மகன், எனக்கொரு சாதாரணப் பயனர் கணக்கைத் திறந்துவிட்டு, நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தன் தலைக்குள் வைத்தபடியே கட்டாருக்கு விமானம் ஏறிவிட்டான். (கோபமில்லை. மாமா எதையாவது அழித்துவிடுவார் என்று பயந்திருப்பான், நியாயந்தான்.) 1998 முதல் 2006 வரை நான் தட்டெழுதிய தோட்டத்துக் கட்டுரைகள் அதில் கிடக்கின்றன. இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டங்கள், லயங்கள், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் பிரஜாவுரிமைக்காக நின்றவர்கள். அத்தனையும் பாமினி எழுத்துருவில். எழுத்துருவை உருவிவிட்டால் எஞ்சுவது ஆங்கில எழுத்துகளின் சிதறல். ‘லயம்’ என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. கணினியைப் பொறுத்தவரை அந்தச் சொல் அங்கே இல்லவே இல்லை. ஒருங்குறிக்கு மாற்றாவிட்டால் என்னோடு அவையும் போய்விடும்.

மாற்றுவதற்கு ஓப்பன்-தமிழ் என்ற பைத்தன் நூலகம் போதும். நிறுவப்போனேன், டெபியன் மறுத்தது. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, பைத்தனின் பொதுச் சூழலில் ‘பிப்’ கொண்டு எதையும் ஏற்ற அது இடங்கொடுப்பதில்லை. இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் சிலவும் அதே பைத்தனில் ஓடுவதால், நான் போடும் நூலகம் அவற்றைக் குலைத்துவிடலாம். நியாயமான மறுப்பு. ஆனால் மறுத்த கையோடு அதுவே வழியும் சொல்கிறது: தனிச்சூழலொன்றை அமைத்து அங்கே நிறுவிக்கொள். யுனிக்ஸ் மரபில் ஒவ்வொரு பயனருக்கும் ‘வீடு’ என்றே ஒரு கோப்புறை உண்டு. அதற்குள் நிரலை வைக்கலாம், மூலத்திலிருந்து தொகுக்கலாம், ஓட்டலாம். பொதுப் பகுதியில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது. கெட்டால் என் வீடுதான் கெடும். இதில் களவு எங்கே வந்தது?

நண்பரின் வாதம் எனக்குப் பழையது. 2000களின் நடுவில் இங்கே இணையக் கடையில் விண்டோஸ் எக்ஸ்பி. ஒருங்குறித் தமிழ் உடையாமல் தெரிய, நிர்வாகியாக நுழைந்து, குறுவட்டைப் போட்டுச் சில கோப்புகளை ஏற்ற வேண்டும். எ-கலப்பைக்கும் அதே கதை. “ஏலாது ஐயா, வைரஸ் வரும்” என்பான் கடைப் பையன். யார் யாரோ உட்காரும் கணினி. அவனைக் குறை சொல்லேன். சில கடைகளில் டீப் ஃப்ரீஸ் வேறு: மறுபடி தொடக்கினால் நாம் வைத்ததெல்லாம் மாயம். அப்போது கைகொடுத்தது சுரதா யாழ்வாணனின் எழுத்துருமாற்றி. வெறும் இணையப் பக்கம், உலாவிக்குள்ளேயே ஓடியது. எதையும் நிறுவ வேண்டாம், எவரையும் கேட்க வேண்டாம். அதையும் கள்ள வழி என்பாரா நண்பர்?

1984 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்துக் கணினியொன்றில் சிலர் கடவுச்சொல்லை மாற்றி, மற்றவர்களுக்குச் சொல்லாமல் அதிகாரத்தைக் கைப்பற்றிய கதையை ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ கையேட்டிலேயே எழுதிவைத்தார். அவர் கடவுச்சொல்லைப் பகிர்வோரின் பக்கம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பொதுச் சாவி நிர்வாகியிடமே இருக்கட்டும். லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். பின்புறம் ஒரு குசினி இறக்கவும் துரையிடம் போய் நிற்க வேண்டும். அதை எதிர்த்து எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஆனால் அறைக்குள் சாமிப் படம் மாட்ட ஆணி அடிப்பதற்கும் அனுமதி கேள் என்ற துரையை நான் கண்டதில்லை. நண்பர் அதைத்தான் கேட்கச் சொல்கிறார்.

எல்லாம் கைகூடிற்று என்று புளுகமாட்டேன். 1024க்குக் கீழ்ப்பட்ட வலைத்துறை எண்கள் லினக்ஸில் வழக்கமாக நிர்வாகிக்கே உரியவை. ஆகவே என் தேடற்பக்கம் 80இல் அல்ல, 8080இல் திறக்கிறது. மழைக்கு மின்சாரம் போய்வந்தால் தானே எழும்ப, என் கணக்குக்குரிய கிரான் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன். அதற்கும் எவர் தயவும் வேண்டியிருக்கவில்லை.

நேற்றிரவு மருமகன் அழைத்தான். “கடவுச்சொல்லைத் தரட்டுமா மாமா?” வேண்டாம், லீவில் வரும்போது அந்த விசிறியை மாற்றித் தா, இரைச்சல் தாங்கவில்லை என்றேன். பிறகு ‘லயம்’ என்று தட்டினேன். 1999இல் எழுதிய கட்டுரை முதலில் வந்து நின்றது. தலைப்பிலேயே ஓர் எழுத்துப்பிழை.