விண்ணுக்குப் பாதை, மண்ணுக்குப் பாதுகாப்பு

2023ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள போக்கா சிக்கா கடற்கரையிலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்ஷிப்’ உந்துகணை முதன்முறையாக முழு வடிவில் விண்ணை நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 120 மீட்டர் உயரமும் கீழ்ப்பகுதியில் 33 இயந்திரங்களும் கொண்ட அது, நான்கே நிமிடங்களில் கட்டுப்பாட்டை இழந்து வெடித்துச் சிதறியது.

சோதனையில் தோல்வி இயல்பே. ஆளில்லாத உந்துகணையை ஏவிப் பார்த்து, பிழையைக் கண்டறிந்து, திருத்தி, மீண்டும் ஏவுவதே அந்நிறுவனத்தின் வழிமுறை. ஆகவே, உந்துகணை வெடித்ததைக் குறைகூற முடியாது. ஆனால், அன்று ஏற்பட்ட சேதம் அதனோடு நிற்கவில்லை. இயந்திரங்களின் விசை தாங்காமல் ஏவுதளத்தின் காங்கிரீட் தரை பெயர்ந்தது. அதன் துண்டுகள் சுற்றியுள்ள கடற்கரையிலும் ஈரநிலங்களிலும் விழுந்தன. பல கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊரில்கூடத் தூசி படிந்தது. இதைவிடக் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. ஆபத்து நேரத்தில் உந்துகணையை அழிக்கும் பாதுகாப்பு அமைப்பு இயங்கிய பிறகும், அது சிதறுவதற்கு ஏறக்குறைய 40 வினாடிகள் ஆயின.

அமெரிக்காவில் தனியார் உந்துகணைகளுக்கு உரிமம் வழங்கும் பொறுப்பு, கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்திடம் உள்ளது. விசாரணை முடியும்வரை அடுத்த ஏவுதலுக்கு அது அனுமதி தரவில்லை. ஏவுதளத்தை வலுப்படுத்துவது, பாதுகாப்பு அமைப்பை மேலும் சோதிப்பது உட்பட 63 திருத்த நடவடிக்கைகளை நிறுவனம் மேற்கொள்ள வேண்டியிருந்தது. அதே ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் நடந்த இரண்டாவது சோதனையில், நீரைப் பீய்ச்சும் எஃகுத் தகடு ஏவுதளத்தைக் காத்தது. 33 இயந்திரங்களும் இயங்கின. உந்துகணை அன்றும் வெடித்தது என்றாலும், காங்கிரீட் மழை பொழியவில்லை.

விதிமுறைகள் வளர்ச்சியைத் தாமதப்படுத்துகின்றன என்போர் உள்ளனர். 2024இல் ஐந்தாவது சோதனைக்கான உரிமம் தாமதமாவதாக ஸ்பேஸ்எக்ஸ் வெளிப்படையாகவே குறைகூறியது. அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள், திரும்பி வந்த உந்துகணையின் கீழ்ப்பகுதியை ஏவுதளக் கோபுரத்தின் கரங்கள் அந்தரத்திலேயே பற்றிக்கொண்டன. இத்தகைய சாதனைகள் தேவையின்றித் தள்ளிப்போகக் கூடாது என்பது நியாயமே. அதற்கு, திறன்மிக்க ஆய்வாளர்களை அதிகமாக நியமித்து ஆய்வை விரைவுபடுத்தலாம். ஆய்வையே கைவிடுவது தீர்வாகாது.

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நடந்த ஏழாவது சோதனை இதை உணர்த்துகிறது. வெடித்த விண்கலத்தின் சிதைவுகள் கரீபியப் பகுதியிலுள்ள டர்க்ஸ், கைகோஸ் தீவுகளில் விழுந்தன. பயணிகள் விமானங்கள் பாதை மாறிப் பறக்க நேர்ந்தது. அந்தத் தீவு மக்களும் விமானப் பயணிகளும் அச்சோதனையில் பங்கேற்கவில்லை. அதன் இலாபமும் அவர்களைச் சேராது.

உந்துகணை அழிந்தால் நட்டம் நிறுவனத்தைச் சேரும். அதன் துண்டு தலையில் விழுந்தால் நட்டம் யாரைச் சேரும்? இந்தக் கேள்வியை மக்கள் சார்பில் ஏவுதலுக்கு முன்பே கேட்பதுதான் அரசின் கடமை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. விண்வெளித் துறைக்கு அது மிகவும் பொருந்தும்.