கூட்ஸ் வண்டியா, லாரியா?

இந்தியாவின் முதல் ரயில் பாதையில் போனது ஆளல்ல, கல்! 1837-ல் செங்குன்றத்திலிருந்து சென்னைக்கு, அதுவும் ரோடு போடுவதற்கான கல். அந்த ரோடே இன்று ரயிலின் சரக்கை விழுங்கிவிட்டது. 1950-51-ல் சரக்கில் 100-க்கு 80-க்கு மேல் ரயிலில் போயிற்று. இப்போது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தில் உருள்வதற்குத் தடை குறைவு. செலவாகும் சக்தியும் குறைவு. சுமார் 60 வேகன் கொண்ட ஒரு நிலக்கரி வண்டி 3,500 டன்னுக்கு மேல் இழுக்கிறது. அதற்குப் பத்து டன் லாரி 350 வேண்டும். 350 டிரைவர்கள் இரவெல்லாம் கண்விழிக்க வேண்டும்.

லாரி வாசலுக்கே வருகிறது, நாம் மறுக்கவில்லை. லாரித் தொழிலாளியும் நம் சகோதரனே. ஆனால் 1980-களிலிருந்து ரயில்வே முழு வண்டிச் சரக்கையே நாடியது. நிலக்கரிக்கும் சிமெண்டுக்கும் வண்டி உண்டு. ஒரே ஒரு வேகன் பருத்தியோடு வந்தவனுக்குக் கதவடைப்பு! அவன் லாரிக்குப் போகாமல் எங்கே போவான்?

டீசல் விலை ஏறினால் லாரி வாடகை ஏறுகிறது. அது அரிசி விலையில் வந்து உட்காருகிறது. கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சிற்றூர் ஸ்டேஷன்களின் கூட்ஸ் ஷெட்டுகளைத் திறக்கவேண்டும், ஒரு வேகன் சரக்கானாலும் ஏற்கவேண்டும் என்று சர்க்காரைக் கேட்கிறோம்.