கதவருகே ஒரு மணி

கேள்வி: காவலுக்காக மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி வாங்கினோம். சிறுத்தைக்குப் பயந்து இரவில் வீட்டுக்குள் படுக்க வைக்கிறோம். விதைக்கடலை மூட்டை மேலேயே சிறுநீர் கழித்துவிடுகிறது. கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார் மாமனார். வெளியே போக வேண்டும் என்பதை அதுவே தெரிவிக்கப் பழக்க முடியுமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பழக்கலாம். சில வாரங்கள் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். முதலில் மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஈரம்பட்ட காய்களை அன்றே பிரித்தெடுத்துவிடுங்கள்; பூஞ்சணம் பிடித்தால் மற்றவையும் கெடும்.

மூன்று மாதக் குட்டியால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அது பிடிவாதமல்ல, வயது அப்படி. அதனால் கொஞ்ச நாளைக்கு நடு இரவில் ஒருமுறை எழத்தான் வேண்டும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்த கால் மணி நேரத்திலும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கூட்டிப் போங்கள்.

கதவில் குட்டியின் மூக்கு உயரத்துக்கு ஒரு மணியைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆட்டின் கழுத்து மணியே போதும். ஆனால், கொட்டகையில் உள்ள மணிகளின் ஓசையிலிருந்து வேறுபட்டிருக்கட்டும்; இல்லையென்றால் ராத்திரியில் அழைப்பது நாயா ஆடா என்று தெரியாது. சிறிய சலங்கை வேண்டாம், கடித்து விழுங்கிவிடும். மணியில் துளி கருவாட்டைத் தேய்த்தால் குட்டி மூக்கால் இடிக்கும். ஓசை கேட்டதும் கதவைத் திறந்து, கயிற்றோடு எப்போதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். கழித்து முடித்த அந்த நிமிடமே தின்பண்டம் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. விளையாட்டுக்கு மணியடிக்கும் குட்டிகளும் உண்டு. ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் பேசாமல் உள்ளே கூட்டி வந்துவிடுங்கள்.

தவறிப்போனால் அடிப்பதோ மூக்கை அதில் தேய்ப்பதோ கூடாது. பயந்த குட்டி மணியடிக்காது, மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து கழிக்கும். மண் தரையானால் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகுங்கள். வாடை இருக்கும்வரை அதே இடத்தைத் தேடி வரும்.

வெளியே எந்த இடம் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள். தீவனப் புல், கீரைப் பாத்தி, கிணற்றடி, எருக்குழி பக்கம் வேண்டாம். நாயின் மலத்தில் நாடாப்புழு முட்டை இருந்து, அது பட்ட புல்லை ஆடு தின்றால், புழுவின் இளம்பருவம் ஆட்டின் மூளையில் நீர்க்கட்டியாக வளரும். ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும். எனவே மலத்தை அள்ளி ஆழப் புதையுங்கள். குட்டியின் எடைக்கேற்ற குடற்புழு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் கொடுங்கள். மூன்று மாதம் ஆகிவிட்டதால் வெறிநோய்த் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடலாம்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று அடிக்கடி மணியடித்து, வெளியே போய் முக்கிச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.